பாராசிட்டமாலோடு கபசுரக் குடிநீரும் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 62 வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், மூக்கடைப்பு, இருமல். டாக்டர் பார்த்துவிட்டு ‘வைரல்தான்’ என்று சொல்லி பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கபசுரக் குடிநீர் கொடு என்கிறார்கள். அம்மா ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு டெல்மிசார்டன், இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். குடிநீரையும் சேர்த்துக் கொடுக்கலாமா? எப்படிக் காய்ச்சுவது, எவ்வளவு கொடுப்பது?

கொடுக்கலாம். தொண்டைக் கரகரப்பு, இருமல், கெட்டிச் சளி, உடம்பு அசதி ஆகியவற்றை அது ஓரளவு தணிக்கக்கூடும். வைரஸைக் கொன்றுவிடும், சளி நெஞ்சுக்குள் இறங்காமல் தடுத்துவிடும் என்றெல்லாம் நம்பிக் கொடுக்க வேண்டாம். அதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. சாதாரணச் சளிக் காய்ச்சல் எதுவும் கொடுக்காவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் இறங்கிவிடும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கும். ஐந்தாம் நாள் குடித்த கஷாயத்துக்கு ஏழாம் நாள் பெயர் கிடைப்பது இப்படித்தான்.

அடுப்பைப் பற்ற வைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 60 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சல் மூன்று நாளாக நீடித்தால் டாக்டரிடம் இன்னொரு முறை காட்ட வேண்டும். இன்ஃப்ளூயன்சாவாக இருந்தால் அதற்கு ஓசெல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் தரும். உங்கள் அம்மாவைப் போல் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுப்பதுண்டு. ‘கஷாயம் குடிக்கிறோமே, இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவதுதான் மூலிகை மருத்துவத்தால் வரும் பெரிய கெடுதல். அந்தக் குற்றம் மூலிகையுடையது அல்ல.

வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் அம்மாவை ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகு பாருங்கள். விரல் சில்லென்று இருந்தாலோ, மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலோ அளவு தப்பாகக் காட்டும். வேறு விரலில் போடுங்கள். 94-க்குக் கீழே போனால் அன்றே மருத்துவமனை. ஆக்சிமீட்டர் இல்லையென்றால் மூச்சை எண்ணுங்கள்: தூங்கும்போதோ சும்மா இருக்கும்போதோ ஒரு முழு நிமிடம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 30-ஐத் தொட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும். வீட்டில் குழந்தைகளுக்கும் தொற்றியிருந்தால் கணக்கு வேறு: 2 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டால் வேக மூச்சு என்று அர்த்தம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு உட்காராமல் கிளம்புங்கள். பெரியவர்களிடம் திடீர்க் குழப்பம், நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல், சாப்பிடவே முடியாமல் போவது, இறங்கிய காய்ச்சல் இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறுவது ஆகியவை எந்தக் குடிநீருக்கும் அப்பாற்பட்டவை.

இதெல்லாம் இல்லை, சளிக் காய்ச்சல்தான் என்றால் குடிநீருக்கு வருவோம்.

கபசுரக் குடிநீர் கொரோனாவுக்காகக் கண்டுபிடித்த மருந்து இல்லை. சித்த மருத்துவம் சுரத்தை 64 வகையாகப் பிரிக்கிறது. அதில் கபம் மிகுந்து வரும் சுரத்துக்கான கூட்டு மருந்து இது. 2020 ஏப்ரலில் தமிழக அரசு ‘ஆரோக்கியம்’ திட்டத்தில் ஊர் ஊராகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு வீட்டுச் சொல்லாகிவிட்டது. அதற்கு முன்னால் சித்த மருத்துவர்களுக்கு வெளியே இந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு. இதில் 15 சரக்குகள், எல்லாம் சம எடை: சுக்கு, திப்பிலி, இலவங்கம், சிறுகாஞ்சொறி வேர், அக்கிரகாரம், முள்ளி வேர், கடுக்காய்த் தோல், ஆடாதோடை இலை, கற்பூரவள்ளி, கோஷ்டம், சீந்தில் தண்டு, சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி வேர், கோரைக்கிழங்கு. டெங்கு சமயத்தில் பந்தல் போட்டுக் கொடுக்கும் நிலவேம்புக் குடிநீர் வேறு. அதில் ஒன்பதே சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு. சூடும் உடம்பு வலியும் முன்னால் நிற்கும் காய்ச்சலுக்கு அது. சளியும் இருமலும் முன்னால் நின்றால் கபசுரம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிக் கொடுப்பதில் ஒரு லாபமும் இல்லை.

சான்று என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 2020-ல் வந்த கட்டுரைகளில் பெரும்பகுதி கணினியில் மூலக்கூற்றை வைரஸ் புரதத்தோடு பொருத்திப் பார்த்தவை. கணினித் திரையில் ஒட்டுவதற்கும் மனித உடம்பில் வேலை செய்வதற்கும் இடையே காத தூரம். மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் ஒன்று, அறிகுறியில்லாத கொரோனா தொற்றாளர்கள் 60 பேரிடம் கபசுரக் குடிநீரை துத்தநாகம், வைட்டமின் சி மாத்திரைகளோடு ஒப்பிட்டது. குடிநீர் தரப்பில் வைரஸ் சற்று விரைவாகக் குறைந்ததாக முடிவு வந்தது. ஆனால் யார் எதைக் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த சோதனை, எண்ணிக்கையும் சிறிது. நம்பிக்கை தரும் அறிகுறி என்று சொல்லலாம், நிரூபணம் என்று சொல்ல முடியாது.

நிலவேம்பு தனி மூலிகையாக இன்னும் அதிகம் ஆராயப்பட்டிருக்கிறது. 2017-ல் வந்த தொகுப்பாய்வு ஒன்று 33 சோதனைகளை, மொத்தம் 7,175 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தது. இருமலும் தொண்டை வலியும் ஓரளவு குறைகின்றன என்று தெரிந்தது. கூடவே, பெரும்பாலான சோதனைகளின் தரம் போதாது என்றும் அந்த ஆய்வே சொன்னது. தாய்லாந்து 2020 டிசம்பர் இறுதியில், லேசான கொரோனாவுக்கு நிலவேம்புச் சாரத்தைச் சோதனை முறையில் அனுமதித்தது. நிலவேம்பின் முக்கிய வேதிப்பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு நாளொன்றுக்கு 180 மில்லிகிராம், ஐந்து நாள். அதற்கு ஆதரவாக, மற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே வெளிவந்த முன்வரைவுக் கட்டுரை ஒன்றைப் புள்ளிவிவரக் கணக்கில் பிழை இருந்ததால் எழுதியவர்களே 2021-ல் திரும்பப் பெற்றார்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கபசுரக் குடிநீரில் ஒரு வேளைக்கு 5 கிராம் பொடி. அதில் நிலவேம்பு பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.33 கிராம். இரண்டு வேளைக்கு 0.67 கிராம். ஒரு கிராம் நிலவேம்பில் 20 மில்லிகிராம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 13 மில்லிகிராம்தான் ஆகிறது. அந்தப் பொருள் தண்ணீரில் நன்றாகக் கரையாது என்பதால் குடிநீரில் இறங்குவது அதைவிடக் குறைவு. தாய்லாந்து கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அங்கே நடந்த சோதனையைக் காட்டி நம் குடிநீரைப் புகழவும் முடியாது, அந்த அளவில் வரும் பக்க விளைவைக் காட்டி இதைப் பயமுறுத்தவும் முடியாது. குடிநீர் என்பது பதினைந்து பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்த கூட்டு. அளவை மீறாதவரை அது பெரும்பாலும் மென்மையானதாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

இனிக் காய்ச்சும் முறை. சொதப்பல் அதிகம் நடப்பது இங்கேதான்.

ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு: 5 கிராம் பொடி, 240 மி.லி. தண்ணீர், 60 மி.லி.யாக வற்ற வேண்டும். நாலில் ஒன்றாகச் சுண்டுவது என்பது இதுதான். 5 கிராம் என்பது தலைதட்டிய தேக்கரண்டியில் ஏறக்குறைய இரண்டு; பொடியின் கொரகொரப்பைப் பொறுத்து மாறும். ஒருமுறை கிச்சன் தராசில் நிறுத்து, உங்கள் வீட்டுக் கரண்டிக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். பொடி ஒன்றிரண்டாக இடித்ததாக, ரவையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். மாவாக அரைத்த பொடி அடியில் படிந்து தீயும், வடிகட்டினாலும் கலங்கலாகவே வரும். அந்த வண்டலோடு குடித்தால் வயிறு எரியும்.

60 மி.லி. ஆகிவிட்டதா என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு ஒரு சுலப வழி: முதலில் பாத்திரத்தில் 60 மி.லி. தண்ணீர் மட்டும் ஊற்றி, ஒரு ஈர்க்குச்சியை நேராக நிறுத்தி, நனைந்த இடத்தில் நகத்தால் கீறி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மீதி 180 மி.லி.யையும் பொடியையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். வற்றியதாகத் தோன்றும்போது இறக்கி, குச்சியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பொடியும் இடத்தை அடைக்கும் என்பதால் கீறலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பிழிந்து வடித்தால் சரியாக வரும்.

சிறுதீயில் இது 20 முதல் 25 நிமிட வேலை. பெருந்தீயில் பத்து நிமிடத்தில் தண்ணீர் வற்றிவிடும், வேரும் தண்டும் வெந்திருக்காது. முள்ளி வேர், சிறுதேக்கு, சீந்தில் மாதிரியான கட்டைச் சரக்குகள் நின்று கொதித்தால்தான் சாரம் விடும். டீ பேக் போல வெந்நீரில் முக்கி எடுக்கும் ‘இன்ஸ்டன்ட்’ பைகளை இந்த ஒரே காரணத்துக்காக நான் சிபாரிசு செய்வதில்லை. வாய் அகன்ற பாத்திரத்திலும் இதே சிக்கல்தான்: பரப்பு அதிகம், சீக்கிரம் வற்றும். நாலு பேருக்கு என்றால் 20 கிராம், 960 மி.லி., சுண்டி 240. நேரம் முக்கால் மணிக்கு மேல் போகும்; அவசரப்பட்டுத் தீயைக் கூட்டாதீர்கள்.

மண்சட்டி நல்லது, எவர்சில்வர் போதும். இரும்புச் சட்டி வேண்டாம். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மை மாதிரிக் கறுக்கும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம்.

குடிநீருக்குச் சித்த மருத்துவம் கொடுக்கும் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலையில் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்து மாலையில் சூடு பண்ணிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது, ஆனால் சரியில்லை. மாலைக்கு மாலை காய்ச்சுங்கள். பொடியை இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, காய்ந்த கரண்டியால் எடுங்கள். சூரணத்துக்குப் பழைய கணக்கு மூன்று மாதம். மழைக்காலத்தில் கட்டி தட்டியிருந்தாலோ பூஞ்சை வாடை வந்தாலோ விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்; கொதிக்க வைத்தாலும் பூஞ்சை நஞ்சு போகாது.

சரியாகக் காய்ச்சிய குடிநீர் கரும்பழுப்பாக இருக்கும். வாயில் வைத்ததும் முதலில் கசப்பு ஏறும், பின்னாலேயே நாக்கு நுனி விறுவிறுக்கும், எச்சில் ஊறும். அந்த விறுவிறுப்பு அக்கிரகாரத்தாலும் இலவங்கத்தாலும் வருவது. அக்கிரகாரம் விலை கூடிய சரக்கு என்பதால் கைவைக்க வசதியான இடமும் அதுவே. வெறும் கசப்பு மட்டும் வந்து விறுவிறுப்பே இல்லையென்றால் அடுத்த முறை வேறு இடத்தில் வாங்குங்கள்.

கசப்புக்குப் பயந்து பனங்கருப்பட்டி, தேன் என்று தாராளமாகக் கலக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு அது கூடாது. பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது போல ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

எங்கே வாங்குவது? பொடியின் உறையில் உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சரக்குகளின் பட்டியல் நான்கும் இருக்க வேண்டும். அரசின் டாம்ப்கால், கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ் ஆகியவற்றின் பொடிகள் பரவலாகக் கிடைக்கின்றன. அரசுச் சித்த மருத்துவப் பிரிவுகளிலும் கொடுப்பார்கள். சரக்குகளைத் தனித்தனியாக வாங்கி வீட்டில் இடிப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். முதல் காரணம் சுத்தி, அதாவது சரக்கிலுள்ள கெடுதலை நீக்கிச் சுத்தப்படுத்துவது. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று சும்மாவா சொன்னார்கள்? சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும். மற்ற சரக்குகளுக்கும் இப்படி ஒவ்வொரு முறை உண்டு. இரண்டாவது காரணம் ஆள்மாறாட்டம். கோஷ்டம் என்று கேட்டால் ஒரு கடையில் இமயமலைப் பக்கத்து வேரும் இன்னொரு கடையில் வேறொரு செடியின் கிழங்கும் கிடைக்கும். கற்பூரவள்ளி என்ற பெயரிலேயே இரண்டு செடிகள் உண்டு.

இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று இருக்கிறது. ஆடாதோடையை ‘ஆடுதொடா இலை’ என்றும் சொல்வார்கள். ஆடுதீண்டாப்பாளை என்று வேறொரு கொடி இருக்கிறது. இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றேதான், ஆடு வாய் வைக்காத செடி. ஆடாதோடை சளியை இளக்கும். ஆடுதீண்டாப்பாளையிலோ அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஆடாதோடை ஆள் உயரத்துக்கு வளரும் புதர், இலை நீண்டு, இரண்டு பக்கமும் கூராக, மாவிலை சாயலில் இருக்கும், பூ வெள்ளை. ஆடுதீண்டாப்பாளை தரையில் படரும் சிறு கொடி. இலை சாம்பல் பூத்த பச்சையில் இதய வடிவமாக இருக்கும். நேரில் பார்த்தால் குழப்பமே வராது. வாட்ஸ்அப்பில் பெயரை மட்டும் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த சருகாகக் கேட்டு வாங்கும்போதுதான் வரும்.

இப்போது உங்கள் அம்மாவின் மாத்திரைகளைப் பார்ப்போம்.

மெட்ஃபார்மின்: நிலவேம்பு, சீந்தில் இரண்டுக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும் குணம் உண்டு. குடிநீரில் உள்ள அளவுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் காய்ச்சலில் அம்மா சரியாகச் சாப்பிட மாட்டார். சாப்பாடு குறைவு, மாத்திரை அதே அளவு, மேலே கசப்பு மருந்து என்று மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை இறங்கலாம். கிளைமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதேசமயம் தொற்று சர்க்கரையை ஏற்றவும் செய்யும். குளுக்கோமீட்டர் இருந்தால் காலையிலும் இரவு உணவுக்கு முன்னும் பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றினால் மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டனையும் தொடர்வதா என்று டாக்டரிடம் அன்றே கேளுங்கள். கடுக்காய் சிலருக்கு வயிற்றை இளக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

டெல்மிசார்டன்: கபசுரத்தில் அதிமதுரம் இல்லை, நல்லது. ஆனால் ‘இருமலுக்கு ஒரு துண்டு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்’ என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் பிரியும் மாத்திரையோ, இதயத்துக்கான டிகாக்சினோ சாப்பிடுகிறவர்களுக்கு இதயத் துடிப்பே தடுமாறலாம். கடைகளில் விற்கும் மூலிகை இருமல் சிரப்புகளிலும் அதிமதுரம் இருக்கும், லேபிளைப் படியுங்கள்.

ஆஸ்பிரின்: சுக்கு, பூண்டு, நிலவேம்பு ஆகியவற்றுக்கு ரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தும் தன்மை இருக்கிறது. ஆஸ்பிரின் மட்டும் என்றால் ஐந்து நாள் குடிநீரால் பிரச்சினை வருவது அரிது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மருந்துகளான குளோபிடோக்ரலும் சேர்ந்திருந்தாலோ, வார்ஃபரின் எடுத்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். இன்னொன்று, ஆஸ்பிரினால் ஏற்கெனவே புண்பட்ட வயிற்றில் திப்பிலிக் காரம் இறங்கினால் எரிச்சல் வரும். உணவுக்கு முன் கொடுப்பதே முறை என்றாலும், எரிச்சல் இருந்தால் அரைக் கிண்ணம் கஞ்சி கொடுத்துவிட்டுக் கொடுங்கள்.

திப்பிலியையும் மிளகையும் பற்றி ஒரு வார்த்தை. இவற்றிலுள்ள பைப்பரின், மற்ற மருந்துகள் ரத்தத்தில் ஏறும் அளவைக் கூட்டும். இந்தியாவில் இதையே பயன்படுத்தி ஒரு காசநோய் மருந்து 2009-ல் சந்தைக்கு வந்தது: 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததால் ரிஃபாம்பிசினை 450-லிருந்து 200 மில்லிகிராமாகக் குறைக்க முடிந்தது. குடிநீரில் பைப்பரின் அதிகம் கரையாது. ஆனால் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த, தேனில் குழைத்துச் சாப்பிடும் திரிகடுகச் சூரணத்தில் முழுதாக உள்ளே போகும்; ஒரு கிராம் திரிகடுகத்திலேயே 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாம். வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் சாப்பிடுகிறவர்களும், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிடுகிறவர்களும் திரிகடுகத்தைத் தினசரி மருந்தாக எடுக்கக் கூடாது. ரசத்தில் போடும் மிளகுக்கு இது பொருந்தாது, தாராளமாகச் சாப்பிடலாம்.

சீந்தில் பற்றிய சர்ச்சையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் ஆறு பேருக்குச் சீந்தில் சாப்பிட்டதைத் தொடர்ந்து கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். 2022-ல் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. ஆயுஷ் அமைச்சகம், இது சீந்திலை ஒத்த வேறு இனமாக இருக்கலாம் என்று மறுத்தது. வழக்கு யார் பக்கம் தீர்ந்தாலும் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ‘இம்யூனிட்டி’ பேரில் சீந்தில் சாற்றை மாதக்கணக்கில் குடிக்காதீர்கள். கல்லீரல் நோய் இருந்தாலோ, முடக்குவாதம், லூபஸ், தைராய்டு தன்னெதிர்ப்பு நோய் போல உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய் இருந்தாலோ சீந்தில் சேர்ந்த எதையும் தவிர்ப்பது நல்லது. மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கபசுரம் வேண்டாம். ஆடாதோடையிலுள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கத் தூண்டும்.

அந்த வாசிசினுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதன் அமைப்பை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சினைச் செய்தார்கள். புரோம்ஹெக்சின் உடம்பில் மாறும்போது கிடைப்பது அம்ப்ராக்சால். அம்மாவின் மருந்துப் பெட்டியில் இருக்கும் சளி சிரப்பில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். அதாவது ஆடாதோடையின் வாரிசு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. சிரப், ஆடாதோடை மணப்பாகு, குடிநீர் என்று மூன்றையும் ஒன்றாக ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஆடாதோடை மிஞ்சினால் குமட்டும், வாந்தி வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேன்: குழந்தைகளின் இருமலுக்கு நல்ல சான்றுள்ள வீட்டு மருந்து இதுதான், படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம். கற்பூரவள்ளி: இரண்டு மூன்று இலையைத் தோசைக்கல்லில் வாட்டிப் பிழிந்த சாறு ஒரு தேக்கரண்டி, ஒரு வயதுக்கு மேல் தேனோடு. கபசுரத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள், சித்த மருத்துவரே அளவு சொல்லட்டும். மஞ்சள் பால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். உப்பு வெந்நீரில் கொப்பளிப்பது செலவில்லாமல் தொண்டைக்கு நல்லது. பத்தியம் என்று பெரியவர்களைப் பட்டினி போடாதீர்கள். உப்புப் போட்ட கஞ்சி, மிளகு ரசம், இட்லி எல்லாம் பத்தியம்தான்.

ஆவி பிடிப்பதைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மூக்கடைப்புக்குச் சற்று நேரம் இதம் கிடைக்கும். வைரஸ் சாகாது, சளிக் காலத்தைக் குறைக்கும் என்பதற்கும் சான்று இல்லை. 2021 மே மாதம் பொது இடங்களில் குழாய் வைத்து ஆவி பிடிக்க வைத்தபோது, தொற்று பரவும் என்று தமிழக சுகாதாரத் துறை அமைச்சரே தடுத்தார். வீட்டில் நடக்கும் கேடு வேறு: கொதிக்கும் சட்டி மடியில் கவிழ்வது. போர்வைக்குள் குழந்தையை உட்கார வைக்கவே வேண்டாம். அம்மாவுக்கு வேண்டுமென்றால் சட்டியைத் தரையில் அசையாமல் வைத்து, கொதி அடங்கிய பிறகு நொச்சியிலை போட்டு, ஐந்து நிமிடம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். விழுங்கினால் வலிப்பு வரும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் மார்பில் கற்பூரத் தைலம் தேய்க்கவும் வேண்டாம்.

உறையில் பெயரோ உரிம எண்ணோ இல்லாத ‘ஆஸ்துமா பொடி’, ‘சளிப் பொடி’ எதையும் வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. ஒரே நாளில் இளைப்பு மாயமாக நின்று, பசி எடுத்து, சர்க்கரை 300-க்கு ஏறினால் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பொடியைத்தான்.

உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லும் வரிசை இது. இன்று டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள், குடிநீர் கொடுக்கப்போவதையும் சொல்லுங்கள். அவர் சரி என்றால் காலை ஆறரைக்கு 60 மி.லி. குடிநீர். ஏழரை, எட்டுக்குச் சிற்றுண்டியோடு மெட்ஃபார்மின், பிறகு டெல்மிசார்டன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆஸ்பிரின். மாலை ஆறு மணிக்குப் புதிதாகக் காய்ச்சிய குடிநீர் 60 மி.லி. கொடுங்கள். குடிநீருக்கும் மாத்திரைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். சத்து மாத்திரையில் இரும்பு இருந்தால் கடுக்காயின் துவர்ப்பு அதை உடம்பில் சேரவிடாது, இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். காய்ச்சல் இருந்தால் மட்டும் பாராசிட்டமால், ஆறு மணி நேர இடைவெளியில். சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ஐந்து நாள், மிஞ்சிப்போனால் ஏழு நாள் குடிநீர் போதும். இடையில் தோலில் தடிப்போ அரிப்போ, கண்ணில் மஞ்சளோ, கடுங்காப்பி நிறத்தில் சிறுநீரோ, நிற்காத வாந்தியோ வந்தால் குடிநீரை நிறுத்திவிட்டு, மீதிப் பொடியை உறையோடு கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எதைக் குடித்தார் என்று அங்கே கேட்பார்கள்.